வார்ப்பச்சின் வலப்பக்க முளை

எஃகுச் சுத்தியல் அச்சின் மேல் படக்கூடாது என்ற விதியை எழுதியவன் நான். எழுதியதோடு நிற்கவில்லை, அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, துப்பாக்கிச் சங்கக் கூடத்தின் சுவரில் ஆணியடித்து மாட்டியவனும் நானே. அந்த விதியை மீறிய முதல் கை என்னுடையது.

கால்டர் கிரீக் உருக்காலையின் கடைசல் பட்டறையில் எனக்கு அப்போது இருபத்திரண்டாவது ஆண்டு. தொழிற்சங்கத்தின் துண்டறிக்கைகளை எழுதுவேன்; வேலைநிறுத்தக் காலங்களில் லாரியின் மேல் ஏறிப் பேசுவேன். ஆல்வின் பென்ரோஸ் பேசுகிறான் என்றால் மூன்று தெருக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பேசத் தெரிந்தவன் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது இந்தக் கதை. வாயைத் திறந்தபோது அதைவிடப் பெரிய குற்றம் செய்தான் என்பதும் இதில் உண்டு.

எங்கள் ஊரின் பழந்துப்பாக்கிச் சங்கத்தில் பதினெட்டுப் பேர். எல்லோருடைய துப்பாக்கியும் ஒரே குழல் அகலம் கொண்ட பழைய வகை. அதற்கான தோட்டாவைக் கடைக்காரர்கள் விற்பதை நிறுத்தி முப்பது ஆண்டுகளாகிவிட்டன. ஆகவே டயர் கடைகளில் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்திப் பின் கழித்துப்போடும் ஈயக் கட்டிகளைப் பொறுக்கி, உருக்கி, நாங்களே குண்டு வார்த்து, சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி நிரப்பிக்கொள்வோம். வார்ப்பதற்கு மாவட்டம் முழுவதற்கும் இருந்தது ஒரே ஓர் அச்சு, சங்கத்தின் அச்சு. சங்கத் தலைவர் ஆர்வில் ஸ்டாங் இளவயதில் தம் கையாலேயே வெட்டியது. இரண்டு இரும்புக் கட்டைகள். அவற்றை மூடித் திறக்க இடுக்கிபோல் இரண்டு பிடிகள். ஒரு கட்டையின் முகத்தில் இரண்டு எஃகு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும்; மற்றதில் அவற்றுக்கான துளைகள். முளைகள் துளைகளில் சரியாக அமர்ந்தால் இரு பாதிகளும் மயிரிழையும் பிசகாமல் மூடும். உள்ளே ஊற்றிய ஈயம் உருண்டையாக வரும். முளை கோணினால் குண்டும் கோணும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

அச்சு ஒரு மரப்பெட்டியில் வீடு வீடாகச் சுற்றும். ஆளுக்கு இரண்டு வாரம். வார்த்து முடித்தவர், கடைசியாக வார்த்த குண்டுகளில் இரண்டைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். அடுத்தவர் அந்த முடிச்சை அவிழ்த்து, குண்டுகளை உருட்டிப் பார்த்து, அச்சைத் திறந்து பார்த்து, நோட்டில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார். கையெழுத்துக்குப் பின் தெரியவரும் பழுது கையெழுத்திட்டவரையே சேரும். இதுவும் நான் எழுதிய விதிதான்.

எழுபத்துநான்காம் ஆண்டு வசந்தத்தில் நான் இன்னொரு விதியையும் கொண்டுவந்தேன். ஆணுக்கு மட்டும் என்றிருந்த சங்கத்தில் பெண்ணுக்கும் இடம் உண்டு என்ற தீர்மானம். நாற்பது நிமிடம் பேசினேன். மேசையைத் தட்டினேன். "உருகும் ஈயத்துக்கு ஆண் பெண் தெரியாது" என்றேன். ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஆர்வில் எதிர்த்து வாக்களித்தார். அந்த விதியின் வழியே உள்ளே வந்த முதல் பெண் வெர்னா சோரிக், பதினெட்டாவது உறுப்பினர்.

வெர்னா மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கணவனுக்கு முதுகெலும்பு நொறுங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, மலையேற முடியாது. இரண்டு மகள்கள், வளரும் வயது. மலையில் ஓர் எல்க் மானை வீழ்த்தினால் வசந்தம் வரை வீட்டில் இறைச்சிக்குக் கவலையில்லை. கணவனின் பழைய துப்பாக்கி இருந்தது. குண்டுதான் இல்லை. அவள் சங்கத்துக்கு வந்தது நாற்பது குண்டுகளுக்காக. கொள்கை பேசியவன் நான் ஒருவன்தான்.

செப்டம்பரில் அச்சு என் முறைக்கு வந்தது. எனக்குப் பிறகு வெர்னாவின் முறை.

என் முறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். சங்கத்தின் இலையுதிர்காலச் சுடும் போட்டியில் ஆர்விலைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. இன்னும் பன்னிரண்டு குண்டுகள் வேண்டியிருந்தன. ஈயம் ஆறத் தொடங்கியிருந்தது. கசடு பிரிய மெழுகு போட்டுக் கிளறி மறுபடி சூடேற்றப் பொறுமையில்லை. ஒரு குண்டு அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. இப்படிச் சிக்கினால் செய்ய வேண்டியதை எங்களில் எவரும் அறிவார்: பிடிகள் சேரும் ஆணியின் தலையை மரக்கோலால் மெல்லத் தட்ட வேண்டும், குண்டு தானாக விழும். கட்டையைத் தொடவே கூடாது. தட்டினேன். விழவில்லை. மறுபடி ஓங்கித் தட்டினேன். மரக்கோல் பிளந்துகொண்டது. பட்டறை மேசையில் எஃகுச் சுத்தியல் கிடந்தது. எடுத்தேன், திறந்திருந்த கட்டையின் விளிம்பிலேயே அடித்தேன்.

ஒரே அடி. குண்டு விழுந்தது. வலப்பக்க முளை கோணியது. விளிம்பில் சுத்தியலின் தழும்பு, என்னைப் பார்த்த கண்போல.

அன்றே ஆர்விலின் வீட்டுக்குப் போய், "அடிச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் பல காரணங்களை அடுக்கிப் பார்த்துவிட்டேன், நேர்மையானது ஒன்றுதான். சுவரில் மாட்டிய சட்டத்தின் அடியில் என் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை உணவு இடைவேளையில் உருக்காலைப் பட்டறையில், கோணிய முளையைப் பின்புறமிருந்து தட்டி வெளியே எடுத்தேன். எஃகுக் கம்பியில் ஒரு துண்டு நறுக்கி, கடைசல் இயந்திரத்தில் பிடித்துப் புது முளை இழைத்தேன். துளையில் ஏற்றினேன். விளிம்பின் தழும்பை அரத்தால் தேய்த்து, சூடுகாட்டி எண்ணெய் பூசி, பழைய இரும்பின் நிறத்தைக் கொண்டுவந்தேன். பழுதுபார்த்ததைவிடப் பழுதை மறைத்ததில்தான் அதிக நேரம் செலவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. முடித்து, அச்சை மூடி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். இரு பாதிகளுக்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது.

நூல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் வார்த்துப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை. அடிப்பதற்கு முன் வார்த்திருந்த நல்ல குண்டுகளில் இரண்டை எடுத்துத் துணியில் முடிந்து, சாட்சி என்று பெட்டிக்குள் வைத்தேன்.

செவ்வாய் மாலை நானே பெட்டியை வெர்னாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சலவைக் கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைகள் வெந்நீரில் ஊறிச் சிவந்திருந்தன. பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"உள்ளே வாங்க மிஸ்டர் பென்ரோஸ், காபி இருக்கு."

"இல்ல, போகணும். நீ பிரிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு."

"நீங்க கொண்டாந்து குடுக்கறத நான் பிரிச்சுப் பார்க்கறதா? நல்லாருக்கே! எனக்காக நாப்பது நிமிஷம் தொண்டை கிழியப் பேசுன மனுஷன். அந்த நோட்டைக் குடுங்க."

முடிச்சை அவிழ்க்காமல், அச்சைத் திறக்காமல், கையெழுத்திட்டாள். பிரித்துப் பார் என்று இன்னொரு முறை சொல்ல என் வாய் எழவில்லை. நோட்டை மூடிக் கையில் கொடுத்தேன். வீடு திரும்பும் வழி முழுவதும், நான் வற்புறுத்தத்தானே செய்தேன் என்று ஒரு வக்கீல் என் தலைக்குள் வாதாடிக்கொண்டே வந்தான்.

எட்டு நாள் கழித்து அவள் ஆலை வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். ஒரு காகிதப் பையில் குண்டுகள். உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினாள். பக்கவாட்டில் மீனின் துடுப்புபோல் மெல்லிய ஈயத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. நூல் வெளிச்சம் ஈயமாகி வெளியே வந்திருந்தது.

"நான் என்னமோ தப்பு பண்றேன். மூணு நாளா உருக்கி ஊத்தி, உருக்கி ஊத்தி, ஒண்ணுகூடத் தேறல. குழலுக்குள்ளயே போக மாட்டேங்குது. எல்க் சீசனுக்கு மூணு வாரம்கூட இல்ல. என்ன பண்றேன்னு சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாசலை ஒரு மனிதனுக்கு யாரும் திறந்து வைக்க முடியாது. நான் சொன்னது இது:

"ஈயம் சூடு பத்தலபோல. இன்னும் நல்லாக் காய வை. பிடியை இறுக்கிப் பிடி."

"அவ்வளவுதானா? என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன்."

"பழகப் பழக வந்துடும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். போய், நான் சொன்னபடியே ஈயத்தை அளவுக்கு மீறிக் காயவைத்து, பிடியை இறுக்கிப் பிடித்து ஊற்றினாள். காய்ந்த ஈயம் அந்தப் பிளவின் வழியே பீறிட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போன என் மனைவி, "சலவைக்கூடத்து வெர்னா கையில கட்டுப் போட்டுக்கிட்டுத் துணி அலசறா, பாவம்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டும் என்றேன்.

வெர்னாவின் முறை முடிந்து அச்சு ஆர்விலிடம் போனது. அவர் தம் கையால் வெட்டிய இரும்பு. அச்சைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. வலப்பக்க முளை தம்முடையதன்று. எவரோ கோணலாக்கி, மாற்றி, மறைத்திருக்கிறார்கள். நோட்டைப் பார்த்தார். கடைசிக் கையெழுத்து வெர்னாவுடையது. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலை சங்கத்தைக் கூட்டினார்.

கூடத்தில் வழக்கம்போல் காபியும் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி அப்பங்களும் இருந்தன. எவரும் தொடவில்லை. ஆர்வில் அச்சைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. இது முப்பத்தொரு வருஷமாச் சுத்துது. குடிகாரன் கையில இருந்திருக்கு, கண்ணு தெரியாத கிழவன் கையில இருந்திருக்கு. ஒண்ணும் ஆனதில்ல. இப்ப ஒரே ஒரு பொம்பள கைக்குப் போச்சு. திரும்பி வந்த லட்சணத்தப் பாருங்க."

"அடிச்சதுகூடப் போகுது ஆர்வில். மறைச்சிருக்காங்களே, அதச் சொல்லு" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

டெல்பர்ட் சங்கத்தின் விகடகவி. அவர் சும்மா இருப்பாரா? "சலவைக்காரிகிட்ட அச்சைக் குடுத்தா வெளுத்துத்தான் குடுப்பா!" என்றார். சிரித்தார்கள்.

வெர்னா முன்வரிசையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "நான் அடிக்கவும் இல்ல, முளை மாத்தவும் இல்ல. எனக்கு முளை செய்யத் தெரியுமா? வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"வந்தப்பவே இருந்துச்சுன்னா எதுக்கும்மா கையெழுத்துப் போட்ட?" என்றார் ஆர்வில்.

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்தவன் நான் என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மெல்ல மெல்ல அவள் கழுத்து சிவந்தது.

ஆர்வில் தீர்மானத்தைப் படித்தார். வெர்னா சோரிக்கை நீக்குவது. அத்துடன் சங்க விதியைப் பழையபடி ஆண்களுக்கென்றே மாற்றி எழுதுவது. "யாராவது பேசணுமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

அன்று நான் பேசியதை அப்படியே எழுதிவைக்க வேண்டும் என்று பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் தாளைக் கிழித்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளத்தான் எழுந்தேன். ஆனால் வாய் திறந்ததும் பழக்கம் என்னை ஏறி ஓட்டியது. தவறு செய்யாத மனிதன் உண்டா என்று கேட்டேன். புதிதாக வந்தவளின் முதல் பிழையைப் பெருங்குற்றமாக்குவது நியாயமா என்று கேட்டேன். கற்கும் கையை வெட்டும் சங்கம் வளருமா என்று கேட்டேன். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, தழுதழுத்தது. மன்னித்துவிடுங்கள் என்று முடித்தேன். கை தட்டினார்கள். எதிரணியிலும் இரண்டு பேர் தட்டினார்கள்.

அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, அவள்தான் குற்றவாளி என்று ஊரறிய முத்திரை குத்திவிட்டு உட்கார்ந்தேன். அவள் செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்த வள்ளல் நான்!

கைதட்டல் ஓய்ந்ததும் வெர்னா எழுந்தாள்.

"எனக்கு மன்னிப்பு வேணாம். நான் செய்யல. பிரிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

"சரி, நீ செய்யல. அப்ப யாரு செஞ்சது? பேரச் சொல்லு" என்றார் ஆர்வில்.

"சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவங்க இருக்காங்க."

நோட்டில் அவள் பெயருக்கு மேல் யாருடைய பெயர் இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் எவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றக்கூட இல்லை. என் பெயர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் நான் மறுபடி எழுந்தேனே தவிர, வீரத்தினால் அல்ல.

"நான்தான் அடிச்சேன்" என்றேன். "எஃகுச் சுத்தியலால. முளைய நான்தான் மாத்துனேன். சாட்சிக் குண்டு பொய். அவ வந்து கேட்டப்பவும் பொய் சொன்னேன். அவ கை வெந்தது என்னாலதான்."

இந்த ஆறு வாக்கியங்களில் அலங்காரம் இல்லை. என் வாழ்நாளில் நான் பேசிய மிகக் குறுகிய உரை அதுவே.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே தள்ளுவார்கள் என்று நினைத்தேன். காறி உமிழ்ந்தாலும் ஏற்றிருப்பேன். டெல்பர்ட் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடேங்கப்பா! ஆல்வினும் மனுஷன்தான்டா! நான் என்னமோ இந்தாளு பைபிள்லேருந்து நேரா எறங்கி வந்தவருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"போவுது விடுய்யா. அவசரத்துல யாருக்கும் கை போறதுதான்" என்றார் இன்னொருவர்.

"அந்த முளைய இழைச்சிருக்கான் பாரு, வேலை சுத்தம். அதையும் சொல்லணும்ல."

யாரோ என் முன்னால் காபிக் கோப்பையை நகர்த்தினார்கள். யாரோ தோளைத் தட்டினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதே முளை, அதே அடி, அதே மறைப்பு! அவள் செய்தாள் என்று நம்பிய வரையில் அது பெண்ணினத்துக்கே எதிரான சாட்சி. நான் செய்தேன் என்றதும் அது ஒரு மனிதனின் கைநழுவல். என்னை எதிர்த்தவர்களும் என்னை ஆதரித்தவர்களும் சேர்ந்தே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் கதகதப்பில் நானும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், குளிர்காய்ந்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆர்வில் மட்டும் சிரிக்கவில்லை. "தீர்மானத்துல முதல் பாதிய எடுத்துடறேன். ரெண்டாவது பாதி இருக்கு. விதிய மாத்தணும்ங்கறது என் கருத்து. அது மாறல" என்றார்.

நான் கொதித்து எழுந்தேன். வெர்னா கையை நீட்டித் தடுத்தாள்.

"உக்காருங்க மிஸ்டர் பென்ரோஸ். இனிமே எனக்காகப் பேசாதீங்க."

உட்கார்ந்தேன்.

அவள் மேசைக்கு அருகே போய் நின்றாள். "எனக்குப் பேச வராது" என்றாள். "இன்னும் ஒம்பது நாள்ல சீசன் தொறக்குது. என் வீட்டுக்காரரால படியே எறங்க முடியாது. எனக்கு நாப்பது குண்டு வேணும். சுடறது ஆம்பளையா பொம்பளையான்னு எந்த எல்க்கும் நின்னு கேக்கப்போறதில்ல. ஓட்டுப் போடறதுன்னா சீக்கிரம் போடுங்க. அப்புறம் இந்த அச்சை யாரு சரிபண்றதுன்னு யாராவது பேசுங்க. வந்ததுலேருந்து அதப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல."

பதினோரு கைகள் அவளுக்காக உயர்ந்தன. வசந்தத்தில் என் நாற்பது நிமிடம் பெற்றது ஒன்பது. ஆர்வில் எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் எண்ணி முடித்ததும், அச்சை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "என் பட்டறைக்கு வாம்மா. ஈயத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வா. அடிச்ச எடத்தக் காட்டணும்" என்றார்.

அன்று நண்பகலில் ஆர்வில் தம் பட்டறையில் என் முளையை வெளியே தட்டினார். விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். "முளையில பழுதில்ல" என்றார். மெழுகுவத்திப் புகையில் ஒரு கட்டையின் முகத்தைக் கரியாக்கி, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிரித்தார். உயர்ந்து நிற்கும் இடத்தில் கரி ஒட்டும். மற்ற இடத்தில் ஒட்டாது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினார். நான் தேடினேன்.

"இங்க" என்றாள் வெர்னா. முளை நிற்கும் துளையின் உதட்டில், குண்டூசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. என் அடியில் இரும்பு அங்கே பிதுங்கியிருந்தது. முளையை மாற்றுவதில் முனைந்த நான், வெளியே தெரிந்த தழும்பைத் தேய்ப்பதில் முனைந்த நான், உள்ளே பிதுங்கியதைப் பார்க்கவே இல்லை.

ஆர்வில் இரும்பைத் தேய்க்கும் எண்ணெய்க்கல்லை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் கல்லை வெர்னாவிடம் கொடுத்தார்.

"நாலு தேய். நாலே நாலு. அப்புறம் கரி வச்சுப் பாரு. மறுபடி நாலு. குண்டு வர்ற குழிப்பக்கம் கல்லு போச்சு, இந்த அச்சு செத்துப்போச்சு. பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கணும்."

கட்டுப்போட்ட கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் தேய்த்தாள். நான் விளக்கைப் பிடித்தேன். எனக்குக் கொடுத்த வேலை அது. நான்கு, பிறகு கரி, மறுபடி நான்கு. ஆறாவது தடவை புள்ளி மறைந்தது. ஆர்வில் முளையை அடித்து ஏற்றி, அச்சை மூடிக் கதவுப்பக்கம் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் நுழையவில்லை. அடுப்பில் ஈயம் உருகியது. முதல் சில குண்டுகள் சுருங்கி விழுந்தன. அச்சு சூடேறியதும் ஒவ்வொன்றும் உருண்டு, மழுங்கலாக மின்னிக்கொண்டு, துணியின் மேல் விழத் தொடங்கியது. நாற்பது ஆனதும் அவள் நிறுத்தினாள். நாற்பத்தொன்றாவது வேண்டாம் என்றாள்.

வண்டியில் ஏறும்போது ஆர்விலிடம் நன்றி சொன்னாள். நான் விளக்கோடு நின்றிருந்தேன்.

நவம்பரில், முதல் பனி விழுந்த வாரம், அவள் எல்க் வீழ்த்தியதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் வேட்டையில் இறைச்சி கிடைத்தால் தோட்டாவுக்கு உதவியவர்களுக்கு ஒரு பங்கு போகும். வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, மேலே பெயர் எழுதி, வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆர்விலின் வாசலுக்கு ஒரு பொட்டலம் போனது. அவளுக்கு எதிராக இரண்டு முறை கையுயர்த்திய மனிதர், அதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்து காட்டினார். "தொடைக்கறிய்யா! எனக்கு!" என்றார், நம்ப முடியாமல்.

நானும் அந்த வாரம் விடியற்காலையில் கதவைத் திறந்து வாசல்படியைப் பார்த்தேன். பனிதான் இருந்தது. எதிர்த்தவனுக்குப் பங்கு உண்டு, எனக்கு இல்லை என்பது அநியாயம் என்று முதல் இரண்டு நாள் மனத்துக்குள் ஒரு சொற்பொழிவு தயாராகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மண்வாரியை எடுத்து, படியிலிருந்த பனியை அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டு, வேலைக்குப் போனேன்.